ஒப்புக்கொண்ட வேலையிலிருந்து பின்வாங்கும் பயிற்சியாளர்: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் நியமனங்கள் குறித்து ஓர் எளிய விளக்கம்

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் கடைசி வாரம் தொடங்கி ஜனவரி தொடக்கம் வரை, அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் உலகில் ஆட்டங்களுக்கு இணையாகப் பயிற்சியாளர் மாற்றங்களும் பேசப்படுகின்றன. இன்னார் இந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறார் என்று காலையில் ஒரு செய்தி வரும். அவர் போகவில்லை, இருக்கும் இடத்திலேயே தொடர்கிறார் என்று மாலையில் இன்னொரு செய்தி வரும். உடனே, ஒப்பந்தத்தை மீறிவிட்டார், வாக்குத் தவறிவிட்டார், அவர்மீது வழக்குப் போட வேண்டும் என்ற பேச்சு எழும். இவற்றில் பெரும்பாலானவை கோபத்தில் சொல்லப்படுபவை. நடந்தது என்ன என்பதைப் பார்த்துச் சொல்லப்படுபவை அல்ல. ‘பின்வாங்கினார்’ என்ற ஒரே சொல்லால் ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல நிகழ்வுகளை நாம் குறிப்பிடுகிறோம் என்பதே இந்தக் குழப்பத்தின் வேர். ஒருவர் எந்தக் கட்டத்தில் பின்வாங்கினார் என்று தெரியாமல் அவர் செய்தது மீறலா, உரிமையா, வெறும் மரியாதைக் குறைவா என்று தீர்ப்புச் சொல்ல இயலாது.

இங்கே ஃபுட்பால் என்பது நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி, தலைக்கவசம் அணிந்து ஆடும் அமெரிக்க ஆட்டம்; நாம் அறிந்த கால்பந்து அன்று. மாணவர்கள் ஆடும் ஆட்டம்தானே என்று இதை எளிதாக எண்ணிவிடவும் கூடாது. பல மாநிலங்களில் அரசுச் சம்பளப் பட்டியலின் உச்சியில் இருப்பவர் ஆளுநர் அல்லர், மாநிலப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுப் பயிற்சியாளர். பெரும்பாலும் ஃபுட்பால் பயிற்சியாளர்.

நிலம் வாங்குவது போன்ற ஒரு வரிசை

நம் ஊரில் ஒரு மனை கைமாறுவதை நினைத்துப் பாருங்கள். முதலில் தரகர் மூலம் விலை பேசப்படுகிறது. விலை படிந்தால் டோக்கன் அட்வான்ஸ் கைமாறுகிறது. பிறகு கிரய ஒப்பந்தம் எழுதப்படுகிறது. வாங்குபவர் பின்வாங்கினால் அட்வான்ஸ் திரும்பக் கிடைக்காது என்பன போன்ற விதிகள் அதில் இடம்பெறும். கடைசியில்தான் பத்திரப் பதிவு. விலை பேசிய மறுநாள் ஒருவர் விலகுவதும், கிரய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டு விலகுவதும் ஒன்றல்ல என்பது நமக்கு யாரும் சொல்லித் தராமலே தெரியும்.

பயிற்சியாளர் நியமனமும் இப்படித்தான் படிப்படியாக நடக்கிறது. தரகரின் இடத்தில் பயிற்சியாளரின் ஏஜென்ட் இருக்கிறார். அவர் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறை இயக்குநருடன் பேசுகிறார். சம்பளம், ஆண்டுகள், துணைப் பயிற்சியாளர்களுக்கான நிதி ஆகியவை படிந்தால் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் எழுதப்படுகிறது. முக்கிய நிபந்தனைகளை மட்டும் சில பக்கங்களில் குறித்துக்கொண்டு, விரிவான ஒப்பந்தம் பின்னர் தயாராகும் என்று இரு தரப்பும் ஏற்கும் ஆவணமே அது. அதன் பிறகு பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு ஒப்புதல் தர வேண்டும். பல பக்கங்கள் கொண்ட முழு ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு வாரங்கள் ஆகலாம், சில வேளைகளில் மாதங்களும் ஆகலாம்.

இந்த வரிசையில் செய்தியாளர் சந்திப்பு எங்கே வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பத்திரம் பதிவாவதற்கு நெடுநாள் முன்பே ஊரைக் கூட்டி விருந்து வைப்பதுபோல், முழு ஒப்பந்தம் எழுதப்படும் முன்னரே புதிய பயிற்சியாளர் மேடையேற்றப்படுகிறார். பல்கலைக்கழகத்தின் தொப்பி அவர் தலையில் வைக்கப்படுகிறது. விருந்தைப் பார்த்தவர்கள் பதிவும் முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

சுருக்கமாக: பேச்சு, புரிந்துணர்வு ஒப்பந்தம், ஆட்சிக்குழு ஒப்புதல், முழு ஒப்பந்தம் என்ற நான்கு படிகள் உள்ளன. பொது அறிவிப்பு இந்தப் படிகளில் ஒன்றல்ல. அது இவற்றின் இடையே எங்கு வேண்டுமானாலும் நிகழலாம்.

பேச்சோடு நின்றவர்

2006 டிசம்பரில் அலபாமா பல்கலைக்கழகம் ஒரு தலைமைப் பயிற்சியாளரைத் தேடிக்கொண்டிருந்தது. மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தின் ரிச் ராட்ரிகெஸ் பெயர் அடிபட்டது. அவர் ஒப்புக்கொண்டுவிட்டார் என்றே சில ஊடகங்கள் செய்தி வெளியிட்டன. டிசம்பர் 8 அன்று, தாம் மேற்கு வர்ஜீனியாவிலேயே தொடரப்போவதாக அவர் அறிவித்தார். அவர் பின்வாங்கினார் என்று அலபாமா ரசிகர்கள் இன்றும் சொல்வதுண்டு. ஆனால் எந்த ஆவணமும் கையெழுத்தாகாத நிலையில் அவர் மறுத்தது ஓர் அழைப்பை மட்டுமே. அழைப்பை மறுப்பதற்கு யாரும் இழப்பீடு தர வேண்டியதில்லை.

இத்தகைய மறுப்புகளில் ஏஜென்ட்டின் கணக்கும் கலந்திருப்பதுண்டு. வெளியிலிருந்து வரும் அழைப்பு, உள்ளே சம்பளத்தையும் வசதிகளையும் உயர்த்திக்கொள்ள உதவும் கருவி. ராட்ரிகெஸுக்கும் மேற்கு வர்ஜீனியாவில் திருத்திய ஒப்பந்தம் கிடைத்தது. அதே ஒப்பந்தம் அடுத்த ஆண்டு அவருக்கு எதிராகத் திரும்பியது. அதைப் பின்னால் பார்க்கலாம்.

அலபாமா அடுத்து நாடியது நிக் சேபனை. தொழில்முறை அணியான மயாமி டால்ஃபின்ஸின் பயிற்சியாளராக இருந்த அவர், தாம் அலபாமாவின் பயிற்சியாளராகப் போவதில்லை என்று 2006 டிசம்பர் 21 அன்று செய்தியாளர்களிடம் திட்டவட்டமாகச் சொன்னார். 2007 ஜனவரி 3 அன்று அந்த வேலையை ஏற்றார். எட்டு ஆண்டுகளுக்கு 3.2 கோடி டாலர் என்பது உடன்பாடு. இந்தத் துறையில் பொதுவெளியில் சொல்லப்படும் ‘மாட்டேன்’ என்பதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதற்கு இதற்கு மேல் சான்று தேவையில்லை.

அறிவித்த பிறகு விலகியவர்

உண்மையான பின்வாங்கல் என்று சொல்லத்தக்கது 1995இல் நடந்தது. கேன்ஸஸ் பல்கலைக்கழகத்தின் கிளென் மேசன், அந்த டிசம்பரில் ஜார்ஜியாப் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பை ஏற்றார், அறிவிப்பும் வெளியானது. ஆனால் அவருடைய கேன்ஸஸ் அணிக்கு இன்னும் ஓர் ஆட்டம் மீதமிருந்தது. கிறிஸ்துமஸ் நாளில் ஹவாயின் ஹோனலூலுவில் நடைபெறவிருந்த அலோஹா பவுல் அது. வழக்கமான பருவம் முடிந்த பிறகு, நன்றாக ஆடிய அணிகளுக்கிடையே டிசம்பரிலும் ஜனவரியிலும் நடத்தப்படும் தனி ஆட்டங்களைப் பவுல் ஆட்டங்கள் என்பார்கள்.

ஏற்றுக்கொண்ட ஒரு வாரத்துக்குள், அந்த ஆட்டம் தொடங்கச் சில மணி நேரமே இருந்தபோது, தாம் ஜார்ஜியாவுக்குப் போகவில்லை, கேன்ஸஸிலேயே இருக்கப்போவதாக மேசன் தெரிவித்தார். கேன்ஸஸ் அன்று கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் அணியை 51–30 என்று வென்றது. ஜார்ஜியா உடனடியாக மார்ஷல் பல்கலைக்கழகத்தின் ஜிம் டானனை அமர்த்திக்கொண்டது. மேசனோ அடுத்த பருவத்தின் முடிவிலேயே கேன்ஸஸை விட்டு மின்னசோட்டாவுக்குச் சென்றார்.

இப்படிப்பட்ட கட்டத்தில் ஏற்படும் இழப்பு பெரும்பாலும் பணமாகக் கணக்கிடக்கூடியதன்று. மற்ற வேட்பாளர்களுக்கு இல்லை என்று சொல்லியாகிவிட்டது, நாள்கள் போய்விட்டன, பல்கலைக்கழகத்தின் பெயருக்கும் சற்றே களங்கம். ஆனாலும், வர மனமில்லாத ஒருவரை இழுத்து வந்து எண்பதுக்கு மேற்பட்ட இளைஞர்களை அவர் கையில் ஒப்படைப்பதைவிட, அவரைப் போகவிட்டு அடுத்தவரைத் தேடுவதே மேல் என்று எந்த இயக்குநருக்கும் தோன்றும். ஆகவேதான் இந்தக் கட்டத்தில் வழக்குகள் அரிது.

யாருடைய கையெழுத்து?

பின்வாங்குவது எப்போதும் பயிற்சியாளர்தான் என்பதில்லை. 2017 நவம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, டென்னஸீப் பல்கலைக்கழகம் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் துணைப் பயிற்சியாளர் கிரெக் ஷியானோவை அமர்த்தப்போவதாகச் செய்தி பரவியது. சில மணி நேரத்துக்குள் ரசிகர்களும் மாநில அரசியல்வாதிகளும் கடுமையாக எதிர்த்தனர். அவர் முன்பு பணியாற்றிய பென் மாநிலப் பல்கலைக்கழகத்தில் வேறொருவர் புரிந்த குற்றங்கள் அவருக்குத் தெரிந்திருந்ததாக, ஒரு சாட்சியத்தில் இடம்பெற்ற செவிவழிக் கூற்றே எதிர்ப்பாளர்கள் முன்வைத்த காரணம். ஷியானோ அதை மறுத்திருந்தார். அன்று இரவுக்குள் பல்கலைக்கழகம் பின்வாங்கிவிட்டது.

பின்னர் வெளியான புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் ஷியானோவின் கையெழுத்தும், விளையாட்டுத் துறை இயக்குநர் ஜான் கரியின் கையெழுத்தும் இருந்தன. பல்கலைக்கழக வேந்தரின் கையெழுத்து இல்லை. பல்கலைக்கழகத்தைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் அதிகாரம் யாருக்கு உண்டு என்ற கேள்வி, இத்தகைய நேரத்தில்தான் உயிர் பெறுகிறது. கரி சில நாள்களிலேயே பணியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டார்.

இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு மைக் பிரைஸ். 2002 டிசம்பரில் அலபாமா அவரை அமர்த்தியது. ஏழு ஆண்டுகளுக்கு ஒரு கோடி டாலர் என்று பேசி முடிக்கப்பட்டது. அவர் இளவேனில் காலப் பயிற்சியைக்கூட நடத்தினார். ஆனால் 2003 மே மாதம், ஃப்ளோரிடாப் பயணம் ஒன்றில் அவர் நடந்துகொண்ட விதம் குறித்த சர்ச்சையால் நீக்கப்பட்டபோதும் முழு ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை. அவர் வழக்குத் தொடர்ந்தும், கையெழுத்தாகாத ஒப்பந்தத்தை வைத்துப் பல்கலைக்கழகத்திடம் உரிமை கோர நீதிமன்றம் இடம் தரவில்லை. மாதக்கணக்கில் பயிற்சியளித்தும், ஒரே ஓர் ஆட்டம்கூட நடத்தாமல் அவர் அங்கிருந்து வெளியேறினார்.

இங்கே நினைவில் கொள்ள வேண்டியது: முழு ஒப்பந்தம் வராத வரை இரு தரப்புமே மெல்லிய பனிக்கட்டியின் மேல்தான் நிற்கின்றன; முதலில் விலகுபவர் யார் என்பதைச் சூழ்நிலையே முடிவு செய்கிறது.

கையெழுத்திட்ட பின் விலகினால்

பொதுப் பேச்சில் மிகவும் திரிந்துபோன பகுதி இதுதான். கையெழுத்திட்ட பயிற்சியாளர் விலகும்போது அவர் ‘அபராதம்’ கட்டியதாக எழுதுகிறார்கள். உண்மையில் அவர் தருவது விலகல் தொகை. ஒப்பந்தக் காலம் முடியும் முன் விலகுபவர் எதிர்த் தரப்புக்கு எவ்வளவு தர வேண்டும் என்று, விலகும் எண்ணமே இல்லாத நாளில் இருவரும் கூடிப் பேசி எழுதி வைத்த தொகை அது. அதைக் கட்டிவிட்டுப் போகிறவர் ஒப்பந்தத்தில் உள்ள ஒரு வழியைப் பயன்படுத்துகிறார். அதைக் கட்டாமல் போக முயன்றால்தான் மீறல் என்ற பேச்சே எழும்.

2018 டிசம்பரில் நடந்ததைப் பாருங்கள். மயாமிப் பல்கலைக்கழகத்தின் தடுப்பாட்டப் பயிற்சியாளர் மேனி டியாஸ், ஃபிலடெல்ஃபியாவில் உள்ள டெம்பிள் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளராக அறிவிக்கப்பட்டார். டிசம்பர் 30 அன்று மயாமியின் தலைமைப் பயிற்சியாளர் மார்க் ரிக்ட் எதிர்பாராமல் ஓய்வை அறிவித்தார். அன்றிரவே டியாஸ் மயாமிக்குத் தலைமைப் பயிற்சியாளராகத் திரும்பிவிட்டார். டெம்பிளில் அவர் இருந்தது மூன்று வாரத்துக்கும் குறைவு. டெம்பிளுக்குச் சேர வேண்டிய சுமார் 40 லட்சம் டாலர் விலகல் தொகையை மயாமி ஏற்றதாகச் செய்திகள் கூறின. ஒழுக்கம் சார்ந்த கேள்விகளை ஒதுக்கி வைத்துக் கணக்கை மட்டும் பார்த்தால், ஒரே ஓர் ஆட்டத்துக்குக்கூட அணியை வழிநடத்தாத ஒருவரால் டெம்பிளின் கருவூலம் நிறைந்தது.

ராட்ரிகெஸின் கதை இங்கே முடிகிறது. 2007 டிசம்பரில் அவர் மேற்கு வர்ஜீனியாவை விட்டு மிஷிகனுக்குச் சென்றபோது, திருத்திய ஒப்பந்தத்தில் இருந்த விலகல் தொகை 40 லட்சம் டாலர். அதைத் தர அவர் மறுத்தார். பல்கலைக்கழகம் வழக்குத் தொடர்ந்தது. 2008 ஜூலையில் சமரசம் ஏற்பட்டு முழுத் தொகையும் ஒப்புக்கொள்ளப்பட்டது. 25 லட்சத்தை மிஷிகன் தந்தது. 15 லட்சத்தை ராட்ரிகெஸ் தவணைகளில் தர ஏற்றார். பொதுவாகவே, இத்தகைய தொகைகளின் பெரும்பகுதி புதிதாக அமர்த்தும் பல்கலைக்கழகத்தின் பையிலிருந்துதான் வருகிறது.

விலகல் தொகை எதிர்த் திசையிலும் பாயும். பல்கலைக்கழகம் காலத்துக்கு முன் நீக்கினால் அதுவே பயிற்சியாளருக்குத் தர வேண்டும். 2023 நவம்பரில் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் ஜிம்போ ஃபிஷரை நீக்கியபோது அவருக்குத் தர வேண்டியிருந்தது 7.5 கோடி டாலருக்கும் மேல். இந்தத் தொகையோடு ஒப்பிட்டால், பயிற்சியாளர் விலகும்போது தரும் தொகை பெரும்பாலும் சிறியதே. பேரம் பேசும் வலிமை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை இது காட்டிவிடுகிறது.

இந்தத் தொகை நீதிமன்றத்தில் நிற்குமா என்ற கேள்விக்கு விடை தந்த வழக்கு, வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்கும் கெரி டினார்டோவுக்கும் இடையே நடந்தது. 1994 டிசம்பரில் டினார்டோ வாண்டர்பில்டை விட்டு லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். எஞ்சிய ஒவ்வோர் ஆண்டுக்கும் தம் நிகரச் சம்பளத்துக்கு இணையான தொகையைத் தர வேண்டும் என்பது ஒப்பந்த விதி. அது தண்டனை, ஆகவே செல்லாது என்று அவர் தரப்பு வாதிட்டது. 1999இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை முன்நிர்ணய இழப்பீடு என்று ஏற்றது. பின்னால் ஏற்படக்கூடிய இழப்பைத் துல்லியமாக அளக்க முடியாதபோது, நியாயமான மதிப்பீடாக முன்கூட்டியே குறித்து வைக்கும் தொகைக்குப் பெயர்தான் அது. ஒரு பயிற்சியாளர் போனால் டிக்கெட் விற்பனையில் எவ்வளவு குறையும், முன்னாள் மாணவர்களின் நன்கொடை எவ்வளவு குறையும் என்று யாரால் கணக்கிட முடியும்? அளக்க முடியாது என்பதே அந்த விதியைக் காப்பாற்றியது. ஒப்பந்தத்தை நீட்டிக்கும் பிற்சேர்க்கை செல்லுமா என்பதை மட்டும் நீதிமன்றம் கீழ் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியது.

பிடித்து வைக்க முடியாதா?

நிலத்தோடு செய்த ஒப்பீடு இந்த இடத்தில் உடைகிறது. கிரய ஒப்பந்தம் எழுதிவிட்டு விற்பவர் மறுத்தால், பேசியபடி கிரயம் செய்து தர உத்தரவிடுமாறு நீதிமன்றத்தை நாடலாம். ஆனால் மனித உழைப்பை அப்படிப் பெற முடியாது. மனமில்லாதவரை ஒருவரிடம் வேலை செய்யச் சொல்லி ஆங்கிலேயச் சட்ட மரபைப் பின்பற்றும் நீதிமன்றங்கள் உத்தரவிடுவதில்லை. 1852இல் இங்கிலாந்தில் ஜொஹானா வாக்னர் என்ற ஓபராப் பாடகி, ஓர் அரங்குக்குப் பாட ஒப்புக்கொண்டுவிட்டுப் போட்டி அரங்குக்குச் செல்ல முயன்றார். பாடு என்று தம்மால் கட்டளையிட முடியாது, ஆனால் வேறிடத்தில் பாடாதே என்று தடுக்க முடியும் என்பதே நீதிமன்றம் எடுத்த நிலை.

ஏறத்தாழ 125 ஆண்டுகளுக்குப் பிறகு இதே தர்க்கம் கல்லூரி ஃபுட்பாலுக்கு வந்து சேர்ந்தது. 1978இல் தொழில்முறை அணியான நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸின் பயிற்சியாளர் சக் ஃபேர்பேங்க்ஸ், ஒப்பந்தம் மீதமிருக்கையிலேயே கொலராடோ பல்கலைக்கழகத்துக்குப் போக முடிவு செய்தார். பேட்ரியட்ஸ் அணி ஃபேர்பேங்க்ஸைக் கட்டாயப்படுத்தக் கோரவில்லை. கொலராடோ அவரை அமர்த்தக் கூடாது என்று தடை கோரியது. 1979இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையை உறுதி செய்தது. முடிவில் கொலராடோ ஆதரவாளர்கள் 2 லட்சம் டாலர் கொடுத்துச் சிக்கலை அவிழ்த்தனர். அவ்வளவு பாடுபட்டு வாங்கிய ஃபேர்பேங்க்ஸ் மூன்று பருவங்களில் வென்றது 7 ஆட்டங்கள், தோற்றது 26.

ஆக, நீதிமன்றம் ஒருவரைத் தடுக்கலாம், பணம் தரச் சொல்லலாம், வேலை செய்யச் சொல்ல முடியாது. தடை கோரி வழக்காடுவது நீண்ட வேலை என்பதால்தான் விலகல் தொகை என்ற ஏற்பாடு எங்கும் பரவியது.

ஏன் டிசம்பரில் இவ்வளவு அவசரம்?

வழக்கமான பருவம் நவம்பர் கடைசியில் முடிகிறது. பவுல் ஆட்டங்கள் ஜனவரி வரை நீள்கின்றன. இடையில், பள்ளி முடிக்கவிருக்கும் வீரர்கள் எந்தக் கல்லூரியில் சேர்வது என்று கையெழுத்திடும் நாள் வருகிறது. அது முன்பு பிப்ரவரியில் இருந்தது. 2017இல் டிசம்பரிலும் ஒரு கையெழுத்துக் காலம் சேர்க்கப்பட்டது. அந்த நாளுக்குள் பயிற்சியாளர் இல்லாத பல்கலைக்கழகம் நல்ல வீரர்களை இழக்கும். எனவே வேறொரு தொழிலில் மாதக்கணக்கில் நடக்கும் பேச்சு இங்கே சில நாள்களில், அதுவும் பயிற்சியாளர் தம் பழைய அணியைக் கடைசி ஆட்டத்துக்குத் தயார் செய்துகொண்டிருக்கும்போதே, தொலைபேசியில் முடிகிறது. குடும்பத்தோடு அமர்ந்து யோசிக்கும் நேரம் ஒப்புக்கொண்ட பிறகுதான் கிடைக்கிறது. பின்வாங்கல்களில் பாதி இந்த நாள்காட்டியின் குறைபாடு என்பது என் கருத்து.

இந்த அவசரத்தின் சுமை இறங்குவது வீரர்கள்மீது. டியாஸ் டெம்பிளில் இருந்த அந்தச் சில நாள்களுக்குள்தான் 2018 டிசம்பர் 19ஆம் நாளின் கையெழுத்துக் காலமும் வந்துபோனது. அன்று டெம்பிளுக்குக் கையெழுத்திட்டவர்கள் அவரை நம்பிக் கையெழுத்திட்டிருக்கலாம். ஆனால் அவர்கள் கட்டுப்பட்டது பயிற்சியாளருக்கு அல்ல, பல்கலைக்கழகத்துக்கு என்பதே அவர்கள் கையெழுத்திட்ட சேர்க்கை உறுதிக் கடிதத்தின் வாசகம். அக்காலத்தில் வேறு கல்லூரிக்கு மாறும் வீரர் பொதுவாக ஓராண்டு ஆடாமல் காத்திருக்கவும் வேண்டும். பயிற்சியாளருக்கோ ஒரு நாள்கூடக் காத்திருப்பு இல்லை. 2021இல் அந்த ஓராண்டு விதி தளர்த்தப்பட்டது. தலைமைப் பயிற்சியாளர் மாறினால் வீரர்கள் மாறிக்கொள்ளத் தனிக் கால அவகாசமும் பின்னர் வந்தது. 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகங்கள் வீரர்களுக்கு நேரடியாகவே பணம் தரத் தொடங்கியுள்ளன. அந்த ஒப்பந்தங்கள் சிலவற்றில் இப்போது வீரர்களுக்கும் விலகல் தொகை எழுதப்படுகிறது.